நடுக்குவாதமும் நாட்பட்ட வலியும்

நடுக்குவாதம் என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவது கை நடுக்கம். காப்பித் தம்ளரைப் பிடித்த கை ஆடுவது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது, குறுகிய அடிகளாக எடுத்து வைத்து நடப்பது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இந்நோயில் உண்டு. அதுதான் வலி. நடுக்குவாதம் உள்ளவர்களுள் 40 முதல் 85 விழுக்காட்டினர் வரை ஏதேனும் ஒரு வகை வலியால் துன்புறுகின்றனர் என்று வெவ்வேறு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இந்த எண்களுக்கிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன்? எதை வலி என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், நோயாளரிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. கேட்காவிட்டால் பலர் இதைச் சொல்வதே இல்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். எனவே வலி என்பது இங்கே ஒரு சிறு பக்கச் செய்தியன்று. ஆயினும் வீட்டில் உள்ளவர்களும், சில சமயம் மருத்துவர்களும் கூட, 'வயதானால் அப்படித்தான்' என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இவ்வலியின் ஒரு பகுதி நோயிலிருந்தே பிறப்பது. மாத்திரை சாப்பிடும் நேரத்தோடு தொடர்பு கொண்டது. அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டால் அப்பகுதியைக் குறைக்கவும் வழியுண்டு.

வலியைக் காட்டாத முகம்

ஒருவருக்கு வலிக்கிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? முகம் சுளிக்கிறது, புருவம் நெரிகிறது, 'ஐயோ' என்று குரல் எழுகிறது. நடுக்குவாதத்தில் இம்மூன்றுமே மங்கிவிடுகின்றன. முகத்தின் சிறு தசைகளும் விறைத்துப் போவதால் முகம் ஒரு முகமூடி போல் அசைவற்று இருக்கும். கண் இமைப்பது குறைந்துவிடும். குரல் தாழ்ந்து, ஒரே சுருதியில் மெல்ல ஒலிக்கும். உள்ளே பத்துப் பங்கு வலி இருந்தாலும் வெளியே இரண்டு பங்குதான் தெரியும். 'பேசாமல்தானே உட்கார்ந்திருக்கிறார்' என்று வீட்டார் நினைப்பது இதனால்தான்.

1817ஆம் ஆண்டு இலண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். நோயாளர்கள் சிலருக்குக் கையில் வாதவலி போன்ற வலி இருந்ததையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அடுத்து வந்தவர்களின் கவனமெல்லாம் நடுக்கத்தின் மீதே சென்றது. பார்க்கின்சன் நோய் என்ற பெயர் பிறகு வந்தது. பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ அப்பெயரை நிலைநிறுத்தினார்.

மூளையில் என்ன நிகழ்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் கரும்பொருள் எனப்படும் ஒரு சிறு பகுதி உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்த மாத்திரத்தில் கையைத் தூக்குவதற்கும், ஓர் அசைவை நிறுத்தி மற்றோர் அசைவைத் தொடங்குவதற்கும் இப்பொருள் தேவை. இந்நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே நடுக்குவாதத்தின் அடிப்படை. அறிகுறிகள் வெளியே தெரியும் முன்பே அவற்றுள் பெரும்பங்கு அழிந்திருக்கும்.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டுக்குப் பங்குண்டு. ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்ப்பின் என்ற பொருள் இரத்த அழுத்தத்துக்கு மருந்தாகப் பயன்பட்டது. அதை முயல்களுக்குக் கொடுத்தால் அவை அசைவற்றுக் கிடந்தன. 1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் அத்தகைய முயல்களுக்கு லெவோடோபா என்ற பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் எழுந்து நடமாடின. டோபமைனின் முன்னோடிப் பொருள் லெவோடோபா. மூளைக்குள் சென்றபின் அது டோபமைனாக மாறுகிறது. இந்தத் துறையில் செய்த பணிக்காக 2000ஆம் ஆண்டு கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று வேலிகளில் படரும் பூனைக்காலி. அதன் விதையில் லெவோடோபா இருப்பதை 1937இலேயே சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசுவாமியும் பிரித்துக் காட்டினர். அது எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. (இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கி வீட்டில் கொடுக்க வேண்டாம். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கும் என்பது விதைக்கு விதை மாறும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு அது கூடிவிடும்.)

வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் உடன் பணியாற்றியவர்களும் 1960இல், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினர். 1967இல் காட்சியாஸ் அமெரிக்காவில் லெவோடோபாவைத் தொடர்ந்து வாய்வழி கொடுத்து நல்ல பயன் கண்டார். இன்றும் இதுவே முதன்மையான மருந்து.

வலி எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் எந்திரவியல் சார்ந்தது. நடுக்குவாதத்தில் ஒரு மூட்டை மடக்கும் தசையும் அதை நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகி நிற்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலத்துடன் இழுப்பதற்கு இதை ஒப்பிடலாம். கயிறு நகர்வதில்லை, இழுப்பவர்கள் களைத்துப் போகிறார்கள். விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால்தான் வேலை என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அந்தக் கணக்கின்படி இங்கே நடந்த வேலை சுழி. தசை அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது, வலிக்கிறது.

கூன் விழுவதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. தலையின் எடை ஏறத்தாழ 50 நியூட்டன் என்று கொள்வோம். நிமிர்ந்து நிற்கும்போது தலையின் ஈர்ப்பு மையம் கழுத்து மூட்டுக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகவும், பின்கழுத்துத் தசை மூட்டுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் இழுப்பதாகவும் வைத்துக்கொண்டால், தசை தர வேண்டிய விசை 20 நியூட்டன். தலை முன்னால் தொங்கி அந்த 2 சென்டிமீட்டர் 10 ஆகிவிட்டால் அதே தசை 100 நியூட்டன் தர வேண்டும். எண்கள் கணக்கு வசதிக்காக எடுத்துக்கொண்டவை. தத்துவம் சாதாரண நெம்புகோல் தத்துவம்தான். பத்துக் கிலோ அரிசிப் பையை நாள் முழுவதும் பின்கழுத்துத் தசை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தோளும் அப்படியே. கையை வீசி நடப்பது நின்றுவிட்டால் தோள்மூட்டு இறுகிப் போகும். நடுக்கம் தோன்றும் முன்பே தோள் இறுக்கத்துக்காக எலும்பு மருத்துவரிடம் போய் வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது காரணம் தசை முறுக்கு. பெரும்பாலும் விடியற்காலையில் பாதம் உட்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கால் விரல்கள் மடங்கி இறுகும். இது சாதாரணக் கெண்டைக்கால் பிடிப்பைப் போல் இரண்டு நிமிடத்தில் விடுவதில்லை. மணிக்கணக்கில் நீடிக்கவும் கூடும்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. வலி என்பது காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி மட்டுமன்று. அச்செய்தியை எவ்வளவு உரக்க ஒலிக்க விடுவது என்பதையும் மூளை முடிவு செய்கிறது. வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழ் போல. டோபமைனுக்கும் இந்தக் குமிழுக்கும் தொடர்பிருப்பதாகத் தெரிகிறது. மருந்தின் வேகம் அடங்கிய நிலையில் நடுக்குவாத நோயாளர்களின் வலி வரம்பு தாழ்ந்திருப்பதையும், லெவோடோபா கொடுத்தபின் அது உயர்வதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதாவது அதே சூடு, அதே குளிர், அதே அழுத்தம். டோபமைன் குறைந்த வேளையில் வலி முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. காரணமே புலப்படாத எரிச்சலும் குடைச்சலும் சிலருக்கு வருவது இவ்வகையில் அடங்கும்.

இவையன்றி முதுகெலும்பில் நரம்பு நசுங்குவதால் வரும் வலி, ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு, மலச்சிக்கலால் வரும் வயிற்றுவலி ஆகியவையும் உண்டு.

மாத்திரையின் அரை ஆயுட்காலம்

கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலத்தை மேல்நிலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மருந்துகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. கார்பிடோபா என்ற துணைமருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் லெவோடோபாவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். (கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா வழியிலேயே டோபமைனாக மாறி வீணாகாமல் தடுப்பது.) காலை 9 மணிக்கு இரத்தத்தில் மருந்து உச்ச அளவில் இருந்தால் பத்தரைக்குப் பாதி, பன்னிரண்டுக்குக் கால்பங்கு, ஒன்றரைக்கு அரைக்கால். இரவு 8 மணி உச்சத்துக்குப் பிறகு மருந்தே இல்லையென்றால் காலை 5 மணிக்குள் ஆறு அரை ஆயுட்காலங்கள் கடந்துவிடும். எஞ்சுவது 64இல் ஒரு பங்கு. விடியற்காலையில் கால் விரல் முறுக்கிக்கொள்வது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அப்படியானால் நோயின் தொடக்கத்தில் மூன்று வேளை மாத்திரை போதுமாக இருந்ததே, அது எப்படி? வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வந்தாலும் தொட்டி பெரிதாக இருந்தால் நாள் முழுவதும் வீட்டில் தண்ணீர் வரும். எஞ்சியிருக்கும் நரம்பணுக்களே அந்தத் தொட்டி. அவை லெவோடோபாவை வாங்கி டோபமைனாகச் சேமித்து, வேண்டியபோது வெளியிடுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல நரம்பணுக்கள் குறைகின்றன, தொட்டி சுருங்குகிறது. கடைசியில் தெருக்குழாயில் நேரடியாகத் தண்ணீர் பிடிக்கும் நிலை வந்துவிடுகிறது. குழாய் நின்றால் வீட்டிலும் தண்ணீர் இல்லை. மருந்து வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று நாள் துண்டுபடுவது இப்படித்தான்.

வரைபடத்தாளில் வலி

என் தாயாருக்கு ஏழு ஆண்டுகளாக இந்நோய் உள்ளது. வயது 71. 'கால் விரலை யாரோ பிடிச்சு முறுக்குற மாதிரி இருக்குடா' என்பார். தோளிலும் வலி உண்டு. அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தார். வலி எந்த வேளையில் வருகிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

இயற்பியல் படித்தவனுக்குத் தெரிந்த ஒரே வழி அளவெடுப்பது. மாணவர்கள் பயன்படுத்தும் வரைபடத்தாளில் கிடை அச்சில் காலை 5 முதல் இரவு 10 வரை மணியையும், செங்குத்து அச்சில் 0 முதல் 10 வரை வலியின் அளவையும் குறித்தேன். மாத்திரை சாப்பிட்ட நேரத்துக்கு ஓர் அம்புக்குறி, உணவுக்கு ஒரு வட்டம். தாயார் தாமே எழுத முடியாது. எழுத்து பொடிப்பொடியாகச் சிறுத்துவிடுவதும் இந்நோயின் ஓர் அறிகுறி. ஆகவே மணிக்கு ஒருமுறை கேட்கும்போது விரல்களை நீட்டிக் காட்டுவார். எட்டு விரல் என்றால் எட்டு. பகலில் என் மனைவி குறித்து வைத்தார். காலுக்கு ஒரு கோடு, தோளுக்கு ஒரு கோடு. பதினான்கு நாள் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

காலின் கோடு மலைத்தொடர் போல் இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு சிகரம், பகல் பன்னிரண்டுக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று. ஒவ்வொரு சிகரமும் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கோடு இறங்கியது. தோளின் கோடோ நாள் முழுவதும் நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலேயே படுத்துக் கிடந்தது. அம்புக்குறிகளை அது மதிக்கவே இல்லை. ஒரே மனிதரிடம் இரண்டு வேறு வலிகள்.

நரம்பியல் மருத்துவர் அந்தத் தாள்களை இரண்டு நிமிடம் பார்த்தார். நாளின் மொத்த மருந்தளவை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, சிறு அளவுகளாகப் பிரித்து ஐந்து வேளையாக்கினார். படுக்கப் போகுமுன் மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். மூன்று வாரத்தில் விடியற்காலைச் சிகரம் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. தோள் வலி இறங்கவில்லை. அது இறுகிப்போன மூட்டு. இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்கள். ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு தாயார் தாமே தலை வாரிக்கொள்கிறார். வலி இப்போதும் இரண்டு விரல் அளவுக்கு இருக்கிறது. பாதத்தில் இரவில் வரும் எரிச்சலுக்கு இன்னும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை.

எல்லா நோயாளருக்கும் வரைபடம் இதே வடிவில் இருக்காது. சிலருக்கு மருந்து உச்சத்தில் இருக்கும் வேளையில் உடல் நெளிந்து முறுகுவதும் அதனால் வலிப்பதும் உண்டு. அவர்களுக்கு மருந்தைக் கூட்டினால் வலியும் கூடும். எனவே மருந்தின் அளவையோ வேளையையோ வீட்டார் தாமாக மாற்றக்கூடாது. திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வீட்டார் செய்யக்கூடியது குறித்து வைப்பது, முடிவு மருத்துவருடையது.

மருத்துவரிடம் சொல்லும்போது வெறுமனே 'வலி' என்று சொல்லாதீர்கள். நம் மொழியில் இதற்குச் சொல்வளம் மிகுதி. குடைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல், மதமதப்பு, இழுத்துப் பிடித்தல், விண்விண் என்று தெறித்தல் ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு. இழுத்துப் பிடிப்பது என்றால் தசை முறுக்கை எண்ணத் தோன்றும். இடுப்பிலிருந்து காலுக்கு மின்சாரம் போல் இறங்குகிறது என்றால் நரம்பு நசுங்கியிருக்கலாம். நோயாளர் சொன்ன சொல்லையே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

உணவும் உடற்பயிற்சியும்

மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தும் பலன் தெரியவில்லை என்றால் உணவைக் கவனிக்க வேண்டும். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். புரதம் செரிக்கும்போதும் அமினோ அமிலங்களே கிடைக்கின்றன. சிறுகுடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் இவற்றை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றே. பருப்பும் முட்டையும் மீனும் உண்டு உடனே மாத்திரை போட்டால் நெரிசலான பேருந்தில் ஏற முடியாத பயணியைப் போல் மருந்து நின்றுவிடும். உணவுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் பின்போ கொடுப்பது பொதுவான வழக்கம். புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே மெலிந்த உடல் மேலும் மெலியும். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிணைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள்.

மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமே நடைக்கும் பயிற்சிக்கும் ஏற்றது. விறைத்த வேளையில் கையைப் பிடித்து வலிய இழுப்பது தசையைப் புண்ணாக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்பது, தோளை மெல்லச் சுழற்றுவது, நாற்காலியிலிருந்து கைதாங்கலின்றி எழுந்து உட்காருவது போன்ற எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். வெந்நீர் ஒத்தடத்தால் பலருக்குச் சுகம் கிடைக்கிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் கூறிய கதவுக் கொள்கையின்படி, தொடுதலையும் தடவுதலையும் கொண்டு செல்லும் நரம்புச் செய்திகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியின் வழியை ஓரளவு அடைக்கின்றன. பாட்டி கால் பிடித்துவிட்டதன் பின்னால் இப்படி ஒரு நரம்பியல் இருந்திருக்கிறது.

மருந்துக் கடையில் கவனம்

சாதாரணத் தசைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கலாகாது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை முதியவர்கள் நாட்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். அபின் வகை வலிமருந்துகள் மலச்சிக்கலைக் கூட்டும். நடுக்குவாதத்தில் அது ஏற்கெனவே பெருந்தொல்லை. நடுக்குவாதத்துக்காகச் செலிஜிலின், ரசாஜிலின் ஆகியவற்றுள் ஒன்றைச் சாப்பிடுவோருக்கு டிராமடால், பெத்திடின் போன்ற வலிமருந்துகள் கொடிய விளைவைத் தரக்கூடும்.

வலி மாத்திரையால் வாந்தி வந்தால் அதற்கென்று கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு டோபமைனின் வேலையைத் தடுப்பது. நோயே மோசமானது போல் நோயாளர் விறைத்துப்போவார். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், புளூனரிசின் ஆகியவற்றுக்கும் இக்குணம் உண்டு. இம்மருந்துகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி நோயாளரின் பையில் வைத்திருப்பது நல்லது.

விழுந்தபின் இடுப்பிலோ முதுகிலோ புதிதாக வலி வந்தால் வரைபடம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இந்நோயாளர்களின் எலும்பு மெலிந்திருப்பது வழக்கம். அன்றே எக்ஸ்கதிர்ப் படம் எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அங்கே மாத்திரைகள் பெரும்பாலும் உணவு வேளையோடு சேர்த்துத் தரப்படும். நடுக்குவாத மாத்திரைக்கு அது ஒத்துவராது. வேளைகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் செவிலியரிடம் ஒரு படியைக் கொடுத்து, மற்றொன்றைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள்.